ரெட் டாட் ஆடியதற்குக் காரணம் எண்ணெய்

இருபத்தைந்து தோட்டா சுட்டாச்சு. ரெட் டாட் என்பது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான்; அதைத் துப்பாக்கி மேல் மாட்டுகிற பட்டைதான் ரெயில். ஸ்க்ரூ தலையிலிருந்து அந்த ரெயிலுக்கு இழுத்துவிட்ட சிவப்பு நெயில் பாலிஷ் கோடு இம்மி நகரவில்லை! ஒன்பது மாதம் படுத்தி எடுத்த விஷயம் இது, அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

துப்பாக்கி 12 போர் பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுவது), 20 அங்குலக் குழல். அதற்கும் குறைந்தால் தடை செய்யப்பட்ட வகைக்குள் போய்விடும் என்பதால், குட்டை என்றால் நமக்கு இதுதான் எல்லை. வாலிநோக்கம் பக்கம் ஒதுங்கிய தோப்பு வீடு; காவலுக்காக வாங்கிய லைசென்ஸ்.

வாங்கும்போது குழல் நுனியில் குறி பார்க்கப் பித்தளை மணி ஒன்றுதான் இருந்தது. கிட்டத்தில் சுட குறியெல்லாம் எதற்கு, நீட்டினால் போதும் என்பார்கள். தப்பு. சோக் (குழல் வாயில் வைக்கும் குறுக்கம்) இல்லாத குழலில் குண்டுகள் சுமாராக கஜத்துக்கு ஓர் அங்குலம்தான் விரியும். வீட்டுக்குள் நாலு கஜம் என்றால் உள்ளங்கை அகலம். குறி பார்த்தே ஆகவேண்டும். ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு மணியும் இலக்கும் ஒருசேரத் தெளிவதில்லை. கோஸ்ட் ரிங் (பின்னால் வளையம், முன்னால் ஊசி) போட்டுப் பார்த்தேன். அடிபட்டாலும் தாங்கும், நல்ல சாமான். ஆனால் அங்கேயும் முன் ஊசியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ரெட் டாட்டில் அந்தப் பாடில்லை, கண் இலக்கிலேயே நிற்கலாம். 3 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி 25 மீட்டரில் 2 சென்டிமீட்டர் சொச்சத்தை மறைக்கும். இந்த வேலைக்கு அது தாராளம்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் பத்தாவது தோட்டாவுக்குள் குறி இடப்பக்கம் ஓடியது. டாட்டையே சந்தேகப்பட்டு நண்பரின் டாட்டை மாட்டினேன், அதுவும் ஓடியது. நெயில் பாலிஷ் கோடு போட்ட பிறகுதான் ரெயிலின் முன் ஸ்க்ரூ இரண்டும் சுழல்வது தெரிந்தது. அதில் ஒன்று மயிரிழை அதிக நீளம். துளையின் அடியில் போய் முட்டி நின்றது. ஆலன் கீயில் இறுக்கமாகப் பட்டதே தவிர ரெயிலைப் பிடிக்கவில்லை. லேத்தில் கொடுத்து அரை மில்லி எடுத்தேன். நீல த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் கழன்றது.

2024 தேர்தலுக்கு மார்ச்சில் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி ஜூனில்தான் கைக்கு வந்தது. உப்பளக் காற்றுக்குப் பயந்து, கொடுக்கும் முன் ரெயிலைக் கழற்றி மொத்தத்தையும் எண்ணெயில் குளிப்பாட்டியிருந்தேன். அந்த எண்ணெய் அடிமூடிய துளைகளுக்குள் தங்கிவிட்டது. த்ரெட் லாக்கர் இறுக வேண்டுமானால் காற்றில்லாத இடத்தில் வெறும் உலோகத்தைத் தொட வேண்டும். எண்ணெய்ப் படலத்தின் மேல் அது சரியாகப் பிடிக்காது.

நூலை முறுக்கி அசிட்டோனில் நனைத்துத் துளைக்குள் விட்டு இழுத்தேன், பழுப்பாக வந்தது. இரண்டாவது தரம் சுத்தமாக வந்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஹேர் டிரையரால் ரிசீவரை (ரெயில் ஏறும் துப்பாக்கி உடலை) சூடாக்கினேன். மரை இடுக்கிலிருந்து எண்ணெய் மறுபடி கசிந்து மேலே வந்து மினுங்கியது. ஐந்தாவது சுற்றில்தான் சூடாக்கிய பிறகும் நூல் வெள்ளையாகவே வந்தது. ஸ்க்ரூவின் மரையையும் அப்படியே துடைத்து, த்ரெட் லாக்கர் ஒரே ஒரு சொட்டு விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி இறுக்கி, 24 மணி நேரம் தொடாமல் வைத்தேன். வெளிப்புறத்துக்கு எண்ணெய் அதற்கப்புறம்தான்.

ரெயில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கடலோரத்தில் அலுமினிய ரெயிலோடு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வேண்டாம். உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நான் மதுரையில் சொல்லிவைத்து எஃகு ரெயில் வாங்கினேன், கனம் கூடினாலும் நிம்மதி. பேட்டரி சிஆர்2032, சாயல்குடி வாட்ச் கடையிலேயே கிடைக்கிறது.

இன்னும் கன்னம் வைக்கிற உயரம் சரியாகவில்லை. ஸ்டாக் (தோளில் வைக்கிற கட்டை) அந்த மணிக்காகச் செய்தது. டாட் அதைவிட மேலே நிற்பதால் கன்னத்துக்குப் பதில் தாடைதான் ஸ்டாக்கில் படுகிறது. சைக்கிள் ட்யூபை மடித்துக் கட்டிப் பார்த்ததில் முக்கால் அங்குலம் தேவைப்படுகிறது. அந்த அளவுக்கு ரப்பர் பேட் சொல்லியிருக்கிறேன். கைவசம் பதினோரு எஸ்ஜி (பெரிய குண்டு) தோட்டா மிச்சம். பேட் வந்ததும் மதுரை ரேஞ்சில் 15 மீட்டரில் ஜீரோ வைக்க வேண்டும், அதாவது புள்ளி நிற்கிற இடத்திலேயே அடி விழும்படி திருத்த வேண்டும்.