கோல்ஃப் கிரீன் புல் தேர்வுக்குப் போகிறீர்களா? முதலில் புல்லைப் பாருங்கள்

கிரீன் என்பது கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. கோவை வேளாண் பல்கலையில் தோட்டக்கலை படித்து, புல்தரை மேலாண்மை செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு மார்க் போவது பராமரிப்பு அட்டவணை மறந்ததால் அல்ல. தட்டில் இருப்பது எந்தப் புல் என்று தெரியாமல் அதை ஒப்பிப்பதால்தான். வெட்டும் உயரம், உரம், தண்ணீர் மூன்றும் புல்லுக்குப் புல் மாறும்.

இலையைத் தண்டிலிருந்து மெல்ல மடக்கி, இரண்டும் சேருமிடத்தை லென்ஸில் பாருங்கள். மயிர் வரிசை மட்டும் இருந்தால் அருகு, அதாவது அருகம்புல். மெல்லிய சவ்வு தெரிந்தால் பாஸ்பாலம் என்ற கடலோரப் புல். கதிர் இருந்தால் இன்னும் சுலபம். அருகின் கதிர் விரல் விரித்தாற்போல் நான்கைந்தாகப் பிரியும், பாஸ்பாலத்துக்குக் கவட்டை மாதிரி இரண்டுதான்.

டிஃப்டுவார்ஃப், டிஃப்ஈகிள் இரண்டும் கலப்பின அருகு. முளைக்கும் விதை பிடிக்காது, தண்டுத் துண்டுதான் நட வேண்டும். "விதையளவு எவ்வளவு?" என்று வைவாவில் கேட்டால் கிலோக்கணக்கு சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். டிஃப்டுவார்ஃபை 4 முதல் 5 மி.மீ. உயரத்தில் வெட்டலாம். 3 மி.மீ.க்கு இறக்கினால் இலை குறைந்து, வேர் மேலேறி, திறந்த இடத்தில் பாசி படரும். டிஃப்ஈகிள் 3 மி.மீ. தாங்கும். ஆனால் உயரமாக விட்டால் அடியில் காய்ந்த தண்டும் வேருமாகச் சக்கை சேர்ந்து மெத்தையாகிவிடும். மெஷின் அதில் அமுங்கி, புல்லை மொட்டையடித்துவிடும். சக்கையைக் கீறியெடுக்கும் செங்குத்து வெட்டும் மெல்லிய மணல் தூவலும் அதைத் தடுக்கத்தான்.

கணக்கில் அலகுதான் காலை வாரும். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 2 மி.மீ. மணல் என்றால் 1 கன மீட்டர். சதுர மீட்டருக்கு 2.5 கிராம் தழைச்சத்து என்றால் மொத்தம் 1.25 கிலோ, யூரியாவாக 2.7 கிலோ, அம்மோனியம் சல்பேட்டாக 6 கிலோ. பாஸ்பாலத்துக்கு இதைவிடக் குறைவாகவே போதும். அள்ளிக் கொடுத்தால் அதுவும் மெத்தையாகும்.

"கோவைக்கு எந்தப் புல்?" என்ற கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்லுங்கள். பென்ட் என்ற குளிர்நாட்டுப் புல்லின் வேருக்கு 10 முதல் 18 டிகிரி மண் வேண்டும், சித்திரை வெயிலில் அது நிற்காது. போர்த்தண்ணி உப்பாக இருந்தால் பாஸ்பாலம்தான் சரி. ஆனால் உப்பை அவ்வப்போது கூடுதல் தண்ணீர் விட்டுக் கழுவி இறக்கவேண்டும், 30 செ.மீ. மணலும் அதன்கீழ் 10 செ.மீ. ஜல்லியும் இருந்தால்தான் அது வடியும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வேரடி ஈரமாக இருந்தும் இலை வாடும். அப்போது மதியம் லேசாகத் தெளித்தால் போதும். முழுப் பாசனம் கொடுத்தால் வேர் அழுகும்.