பாட்டி பார்க்காத விசுவநாதர்

1988இல் முதன்முதலாகக் காசிக்குப் போனபோது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பாட்டி, அப்பா, அம்மா, நான் என நால்வரும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் போய் இறங்கினோம். கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் இடம் கொடுத்தார்கள். 1863இல் தொடங்கிய சத்திரம் அது.

விசுவநாதர் சந்து அப்போது இருந்த இருப்பு, நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மாடு வந்துவிட்டால் மொத்தச் சந்தும் நிற்கும். வழுக்கும் கல், வளையல் கடை, குங்குமக் கடை, எங்கோ பால் காயும் வாசனை. துண்டி கணபதியைக் கும்பிட்டுத் திரும்பினால் அன்னபூரணி, அதற்கடுத்து விசுவநாதர். பக்கத்தில் போகும்வரை கோயில் இருப்பதே தெரியாது.

பாட்டிக்கு முழங்கால் வலி. துண்டி கணபதிவரை வந்தவர், நெரிசலில் மூச்சு முட்டித் திரும்பிவிட்டார். மறுநாளும் அப்படியே. அம்மா மட்டும் உள்ளே போய், வெள்ளித் தொட்டிக்குள் இருந்த லிங்கத்தைத் தொட்டுப் பாலூற்றி, கையைத் துடைக்காமலே சத்திரத்துக்கு ஓடிவந்து பாட்டியின் கண்களில் ஒற்றினார். ஊர் திரும்பிய இரண்டு வருடத்தில் பாட்டி போய்விட்டார்.

2023இல் அம்மாவை அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது 79 வயது, அதே முழங்கால் வலி. சௌக் பக்கத்து நான்காம் வாசலில் சக்கர நாற்காலி கிடைத்தது. செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனால், அகன்ற கல் தளம், திறந்த வானம். நான் பார்த்த காசியா இது என்று ஒரு கணம் திகைத்து நின்றேன். 2019 மார்ச்சில் தொடங்கிய கோயில் வளாக விரிவாக்க வேலை, 2021 டிசம்பர் 13 அன்று திறப்பு. 300க்கும் மேற்பட்ட கட்டிடங்களை வாங்கி இடித்து, சுமார் 3,000 சதுர அடியில் நெருக்குண்டு கிடந்த வளாகத்தை ஏறத்தாழ 5 லட்சம் சதுர அடியாக்கியிருக்கிறார்கள். லலிதா காட் என்ற கங்கைப் படித்துறையில் குளித்துவிட்டு நேரே படியேறி வரலாம். 1780இல் கோயிலைக் கட்டிய மராத்திய அரசி அகல்யாபாய் ஹோல்கருக்கு அங்கே சிலை இருக்கிறது. பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் கொடுத்த பொன் வேய்ந்த விமானத்தைத் தலை நிமிர்ந்து பார்க்க இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது.

அந்தச் சந்து வீடுகளில் தலைமுறைகளாக இருந்தவர்கள் இப்போது எங்கே விளக்கேற்றுகிறார்களோ என்ற நினைப்பு எனக்கு விடவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் அம்மா போவதைப் பார்த்தபோது, இது அன்றைக்கே இருந்திருந்தால் பாட்டியும் பார்த்திருப்பாரே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

கூட்ட நேரம் என்பதால் கருவறைக்குள் விடவில்லை. வாசலிலிருந்தே பாலை ஊற்றினோம், அது குழாய் வழியாக ஓடி லிங்கத்தின் மேல் விழுந்தது. "தொட முடியலையேப்பா" என்றார் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் கேதார் காட், குமரகுருபரர் நிறுவிய மடம், பாரதியார் இளவயதில் வாழ்ந்த அனுமன் காட் எல்லாம் படகிலிருந்தே தரிசனம். கேதாரேசுவரர் கோயிலின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் மட்டும் நான் சிறுவனாகப் பார்த்த மாதிரியே இருந்தன.

மாலையில் சத்திரத்துத் தெருவுக்கு வந்தோம். பேட்டரி ரிக்‌ஷாக்களின் ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. அதையும் மீறி, "சம்போ! சம்போ!" என்ற குரல். விசுவநாதர் பூஜைக்குப் பாலும் வில்வமும் சந்தனமும் சத்திரத்திலிருந்து வரிசையாக எடுத்துப் போகிறார்கள். தினமும் நடப்பது. வண்டிக்காரர்கள் தாமாக ஒதுங்கினார்கள்.

"நிறுத்துப்பா" என்றார் அம்மா. "உன் பாட்டி அந்த ரெண்டு நாளும் இந்த வாசல்ல உக்காந்து, இவங்க போறதைத்தான் கும்பிட்டாங்க."

குரல் தெருமுனை திரும்பி மறையும்வரை அம்மா கூப்பிய கையை இறக்கவில்லை.