ரிவிக்குக் கீழே ஒரு அரிசி மில்

உருத்திரபுரத்தில் எங்கள் வீடு றோட்டை விட்டு நல்லாய் உள்ளே. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கேட்பது இரண்டு சத்தம்தான்: நாய், ரிவியில் படம் போட அதற்குக் கீழே வைத்திருக்கிற கொம்பியூட்டர். "தம்பி, உந்த மில்லை நிப்பாட்டிப்போட்டுப் படத்தைப் போடன்" என்று அம்மா கேட்காத நாளில்லை.

மில்லின் விபரம்: ஐ5-2400 சிபியு (கணக்குப் போடுகிற மூளை), ஜீ.ரி.எஸ் 450 கிராபிக்ஸ் காட், இரண்டு 3.5 அங்குல ஹாட் டிஸ்க், பேரே இல்லாத 500 வாற்று பவர் சப்ளை. கேமுக்கு நல்லதெண்டு சொல்லித் தந்தார்கள். நான் கேம் விளையாடுவதில்லை.

பிளக்கில் செருகுகிற வாற்று மீற்றர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். சும்மா நிற்கவே 84 வாற்று. எழும்ப நேரம் எடுக்குதென்று 24 மணித்தியாலமும் ஓடவிட்டிருந்தேன். மாதத்துக்கு 60 யூனிற் அதற்கே போயிருக்கிறது. 60ஐத் தாண்ட ஒரு விலை, 90ஐத் தாண்ட இன்னொரு விலை என்று ஏறுகிற பில்லில் இது சின்ன விசயமில்லை.

முதலில் துப்புரவு. சோளகக் காற்றுத் தொடங்கினால் எங்கள் பக்கம் புழுதி கதவு யன்னல் பார்க்காது. சிபியுவின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற ஹீற்சிங்கின் இடுக்கு முழுக்கக் கம்பளி மாதிரி அடைத்திருந்தது. ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொண்டு சைக்கிள் பம்பால் அடித்தேன். சுழலவிட்டால் பெயறிங் கெடும். இரண்டுக்கும் நடுவில் சூடு கடத்தப் பூசுகிற பேஸ்ற் காய்ந்திருந்தது, அதை மாற்றித் திரும்பப் பூட்டும்போது கூலரின் பிளாஸ்ரிக் முள்ளு ஒன்று முறிந்தது. புதுக் கூலர் வரும்வரை பத்து நாள் படம் இல்லை.

பிறகு ஜீ.ரி.எஸ்ஸைக் கழற்றினேன்: 84 இலிருந்து 62. ஒரு டிஸ்க்கை எடுத்து, சிஸ்ரத்தை எஸ்.எஸ்.டி.க்கு (சுழலாத டிஸ்க்) மாற்ற 54. சின்னப் பவர் சப்ளை போட 40. பெரிய சப்ளையில் சின்னச் சுமை ஓடினால் சூடாகவே நிறைய வீணாகும்.

சத்தத்துக்கு 120 மில்லிமீற்றர் ஃபானை மெதுவாக ஓடவிட்டேன். சின்ன ஃபான் வேகமாகச் சுற்றித் தள்ளுகிற காற்றைப் பெரியது ஆறுதலாகவே தள்ளிவிடும். ஆனாலும் ஒரு முனகல் நிற்கவில்லை. இரண்டு நாள் தேடினேன். ஃபானில்லை, டிஸ்க்கின் அதிர்வு தகரப் பெட்டியில் ஏறி, அங்கிருந்து பலகை அலுமாரிக்குப் போயிருக்கிறது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி டிஸ்க்குக்கு நாலு துண்டு, பெட்டியின் காலுக்கு நாலு துண்டு. முனகல் போய்விட்டது. சத்தத்துக்குச் செய்ததில் செலவில்லாதது இதுதான், பலனும் இதில்தான் கூட.

படத்தைச் சுருக்கி வைக்கிற முறைகள் பல. எச்.264 முறைப் படம் 46 வாற்றில் ஓடியது. இன்னும் இறுக்கிச் சுருக்குகிற எச்.265 போட்டதும் 78, ஃபான் பறந்தது. ஐ5-2400க்குள் இருக்கிற கிராபிக்ஸுக்கு எச்.265 தெரியாது, சிபியுதான் எல்லாம் அவிழ்க்கும். கழற்றின ஜீ.ரி.எஸ்ஸுக்கும் தெரியாதுதான், இவ்வளவு நாளும் அது இரைந்த இரைச்சலில் நான் கவனிக்கவில்லை. எச்.265 தெரிந்த, ஃபானே இல்லாத ஜீ.ரி 1030 கிராபிக்ஸ் காட் ஒன்று பழசாக வாங்கினேன். சும்மா நிற்கையில் 5 வாற்று கூடி 45, எச்.265 இப்போது 53.

கடைசியாக, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: படம் முடிந்தால் தூங்கவிடுவது. தூக்கத்தில் 3 வாற்று. நாளுக்கு ஐந்து மணித்தியாலம் பார்த்தாலும் மாதம் பத்து யூனிற் வராது. ஆனால் கரண்ட் கட்டானால் தூக்கத்தில் இருந்தது அழிந்துவிடும். அதனால் கரண்ட் இருந்தால்தான் நிற்கிற றாம் நினைவில் உள்ளதை எஸ்.எஸ்.டி.யிலும் எழுதிவிட்டுத் தூங்கும்படி வைத்திருக்கிறேன்.

ஏவி1 என்கிற இன்னும் புது முறைக் கோப்புகளை 1030ஆலும் அவிழ்க்க முடியாது. வவுனியாவிலிருந்து பென் டிரைவில் படம் கொண்டுவருகிற மச்சானிடம், "265 மட்டும் கொண்டா" என்று சொல்லியிருக்கிறேன்.