இரண்டு மனு, ஒரே மலை

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே கொடுக்கிற மனு தாலுகா ஆபீஸ், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) மேசைக்குத்தான் வரும். மேலே "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்று ஒரு வரி. பட்டா மாறுதல், சுடுகாட்டுப் பாதை, ஓடை ஆக்கிரமிப்பு என்று வழக்கமானவைதான் அதிகம். நான் வி.ஏ.ஓ.வாக இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில். அங்கே ஒரே மலையைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு மனுக்கள் வந்தன. முதல் மனு, மலையேறும் பாதையை வெளியாட்களுக்கு மூடச் சொன்னது. அடுத்தது, மூடவே கூடாது என்றது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தார் ஒரு பெரியவர். "என்னங்க இது?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் வீடு தேடி வந்து கேட்டாங்க சார், இல்லேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் வருகிற சனிக்கிழமையே இன்னும் நாற்பது பைக் கூடுதலாக வரும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்ற அளவில் போதும். பெங்களூரிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம், அதுதான் அந்த மலைக்கு வந்த வினையே. உச்சியில் ஒரு பாறைத் திட்டு. அங்கே உட்கார்ந்தால் விடியற்காலையில் கீழே பனி மூட்டம் கடல் மாதிரி தெரியும். யாரோ படம் எடுத்துப் போட்டார்கள், அப்புறம் வார இறுதி என்றாலே கூட்டம்.

விசாரணைக்குப் போகும் முன் கிராம வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அடிவாரத்தில் பட்டா நிலம், அதைத் தாண்டிக் கொஞ்சம் புறம்போக்கு, அதற்கு மேல் முழுக்கக் காப்புக்காடு. வண்டிப்பாதை என்று ஒரு கோடு ஓடை வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் காகிதத்தில் எதுவும் இல்லை. ஆனால் தரையில் பாதை நன்றாகவே இருக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள், புளி எடுக்கப் போகிறவர்கள், உச்சியில் இருக்கும் பெருமாளுக்குப் புரட்டாசி சனிக்கிழமைகளில் விளக்குப் போடப் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டாக்கிய தடம் அது.

மூடச் சொன்னவர்கள் ராகிக்காரர்கள். அவர்கள் சொன்ன புகார்களில் எது பெரியது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. வரப்பில் பைக்கை நிறுத்துகிறார்கள், பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், வேலியைத் திறந்துவிட்டுச் சாத்தாமல் போகிறார்கள் என்பதெல்லாம் எல்லா ஊரிலும் கேட்கிற புகார். இங்கே விஷயம் யானை.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் இறங்கும். ராகி கதிர் முற்றும் சமயமும் அதுதான். இரவெல்லாம் வயலில் தின்றுவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் காட்டுக்குத் திரும்பிவிடும். பயிர்ச்சேதம் பார்க்க வனத்துறை ஆட்களோடு நானும் போயிருக்கிறேன். தின்றது ஒரு பங்கு என்றால் மிதித்தது இரண்டு பங்கு இருக்கும். சாணி இன்னும் சூடாகக் கிடக்கும், கால்தடத்தில் தண்ணீர் ஊறி நிற்கும், வயல்காரர் காவல் பரணிலிருந்து இறங்காமல் அங்கிருந்தபடியே எந்தப் பக்கம் போனது என்று கை காட்டுவார். அவர் காட்டுகிற திசை பெரும்பாலும் அந்த மலைப்பாதையின் அடிவாரம்தான்.

இப்போது சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களின் கணக்கைப் பாருங்கள். உச்சியில் ஆறு மணிக்கு இருக்க வேண்டும் என்றால் நாலு, நாலரைக்கு ஏற ஆரம்பிக்க வேண்டும். யானை காட்டுக்குத் திரும்புகிற அதே நேரம், அதே தடம். தலையில் விளக்கு, காதில் பாட்டு. ஒரு நவம்பர் விடியலில் பரணில் இருந்தவர் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். கீழே மூன்று யானை நிற்கிறது, கொஞ்சம் தள்ளி ஏழெட்டு விளக்கு வரிசையாக வருகிறது. இவர் கத்தினார். அவர்களோ, தங்களை விரட்டுகிறார் என்று நினைத்துக் கை காட்டிவிட்டுப் போனார்களாம். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. யானை ஒதுங்கிப் போனது, அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "நாளைக்கு எவனாவது செத்தா போலீஸ் என்னைத்தான் சார் வந்து கேக்கும், என் நிலத்துலதானே வண்டி நிக்குது."

மூடக்கூடாது என்றவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, இட்லி விற்றே மகளைக் காலேஜில் சேர்த்திருக்கிறார். ஆட்டுக்காரர்களுக்கு வேறு கவலை: வெளியாட்களுக்கு என்று ஆரம்பிப்பார்கள், கடைசியில் எங்கள் ஆட்டையும் நிறுத்துவார்கள். புளியும் தேனும் எடுக்கிற இருளர் குடும்பங்களும் அங்கே உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருள் சேகரிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நாளைக்குத் தடைப் பலகை வைத்தால், அதைப் படிக்கிற புது வனக் காவலருக்கும் அது தெரிய வேண்டுமே.

தாலுகா ஆபீஸில் கூட்டம் வைத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் வனவர் சொன்னதுதான் கூட்டத்தை அமைதியாக்கியது. "சட்டப்படி அது எப்பவுமே மூடித்தான் சார் இருக்கு. திறந்தா மூடறதுக்கு?" அவர் சொன்னது சரி. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் மூடலாமா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டது, காகிதத்தில் திறக்கவே படாத ஒரு பாதையைப் பற்றி.

அந்தக் கூட்டத்தில் குரங்கணி பேச்சும் வந்தது. வராமல் இருக்காது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள், 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே அரசு விதிகள் கொண்டுவந்தது. எங்கள் மலையிலும் மாசி பங்குனியில் புல் காய்ந்து சருகு கணுக்கால் வரை கிடக்கும். உண்ணிப்புதர் வேறு. ஒரு பீடித்துண்டு போதும். அந்த மாதங்களில் யாரும் ஏறக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. புகைப்படக்காரராக இருந்தாலும் சரி, எம்.எல்.ஏ. சிபாரிசோடு வந்தாலும் சரி.

மற்ற மாதங்களுக்கு என்ன செய்வது? ஒரு பையன் எழுந்து நல்ல கேள்வி கேட்டான். 2024 அக்டோபரில் அரசே மலையேற்றத் திட்டம் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தது. நம் மாவட்டத்திலேயே குத்திராயன் மலையும், அய்யூர் சாமி ஏரிப் பாதையும் அதில் இருக்கின்றன. ஆன்லைனில் பணம் கட்ட வேண்டும், உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். "அங்க முடியும்னா இங்க ஏன் சார் முடியாது?" யாரும் பதில் சொல்லவில்லை. பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே ஆள் போட்டிருக்கிறார்கள், இங்கே ஆள் போட வேண்டும்.

என் அறிக்கையில் அதைத்தான் எழுதினேன். தீக்காலத்தில் முழுத் தடை. ராகி அறுவடை முடியும் வரை, நன்றாக விடிந்த பிறகுதான் ஏற வேண்டும். புரட்டாசி சனிக்கிழமைக்கும் மேய்ச்சலுக்கும் பழைய வழக்கம் தொடரட்டும். அடிவாரத்தில் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் பெயர் எழுதி, எண்ணி அனுப்பி, எண்ணி இறக்க வேண்டும். அவர்கள் சம்பளத்துக்குப் பஞ்சாயத்து வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கலாம். முக்கால் பக்கம் வந்தது.

உத்தரவு நாலு வரியில் வந்தது. பொதுமக்கள் பாதுகாப்பு கருதி, மறு உத்தரவு வரும் வரை அனுமதி இல்லை. கூடவே ஒரு ஃப்ளெக்ஸ் பலகை. எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூடுவதற்கு ஒரு பலகை போதும், அதற்குச் சம்பளம் கிடையாது, லீவு போடாது, யூனியனில் சேராது. திறந்து வைத்தால் தினமும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டாவதை நோக்கிச் சுலபமாகப் போயிருக்காது.

ஆனால் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் யார் என்று தலையாரியைக் கேட்டேன். குடும்பத்தோடு வந்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்த வாத்தியார்கள், அதாவது காலை எட்டு மணிக்கு வருகிறவர்கள். நாலு மணிக்கு வருகிறவர்கள் இருட்டில் பலகையைப் பார்க்கவே இல்லை. பிறகு பார்த்தார்கள், பார்த்ததும் பாதையை மாற்றிக்கொண்டார்கள். ஓடைப் பக்கமாக, ராகி வயலுக்குள் புகுந்து, விளக்கை அணைத்துவிட்டு. முன்பாவது பரணில் இருப்பவருக்கு விளக்கு தெரிந்தது.

போன மாதம் மூன்றாவது மனு வந்தது. பாதையை மூடச் சொன்ன அதே ராகிக்காரர்கள் எழுதியது. மூடு, திற என்ற பேச்சே அதில் இல்லை. "மேற்படி இடத்தில் ஒரு ஆள் நியமிக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்று இருந்தது. அந்தப் பெரியவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கீழே டீக்கடை அக்காவின் கையெழுத்தும் இருந்தது. பழைய அறிக்கையின் நகலையே இணைத்து, "ஏற்கெனவே பரிந்துரைக்கப்பட்டது" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.