பெட்ஃபோர்டு ஏற்றம்

குன்னூர் மார்க்கெட்டிலிருந்து பெட்ஃபோர்டு வரை தம்பி இன்று ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

போன வருஷம் பாதி ஏற்றத்திலேயே கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நின்றால் வலி போகும், நடந்தால் வரும். வயசு 22, ஃபுட்பால் ஆடுகிறவன். தைலம் தேய்த்துவிட்டேன்.

மலையில் கால் வலித்தால் யார் நோய் என்று நினைக்கிறோம்?

கோயம்புத்தூர் டாக்டர் என் விரலை அவன் பாதத்தின் மேல் வைத்து நாடியைக் காட்டினார். "முன்பாதத்தைக் கீழே அழுத்துப்பா" என்றார்.

துடிப்பு நின்றது.

தளர்த்தினான். மெல்லத் திரும்பியது.

கெண்டைச்சதை பிறவியிலேயே இடம் மாறி ஒட்டி, முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியை நெரித்திருக்கிறது. 1879லேயே எடின்பரோ மருத்துவ மாணவர் ஒருவர் இதை எழுதியிருக்கிறார். ஆபரேஷனில் சதையை விடுவித்தார்கள்.

மேலே ஏறியதும் குனிந்து அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"விடுக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.