வலது சோணையறை பெரிதென்று ரிப்போர்ட் வந்த பிறகு

பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்வதென்று முடிவானதும் மயக்க மருந்து தாங்குமா என்று பார்க்க ஈசிஜி எடுத்தார்கள். வலது சோணையறை, அதாவது இதயத்தின் வலப்பக்க மேல் அறை, பெரிதாக இருக்கலாம், எக்கோ (இதயத்தின் ஸ்கான்) எடுத்துவிட்டு வாருங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்கள். கல்லு அப்படியே இருக்க, கதை இதயத்துக்கு மாறிவிட்டது.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் வருடாவருடம் கீறுபவள்தான். ஆனாலும் சொந்தப் பெயருக்குக் கீழே அந்த வரியை வாசிக்கும்போது படிப்பெல்லாம் உதவிக்கு வரவில்லை. மாமி அயலில் "பிள்ளைக்கு இதயம் வீங்கிப்போச்சாம்" என்று சொல்லிவிட, பின்னேரமே ஆட்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து இறங்கினார்கள்.

ஈசிஜியில் சோணையறைகளின் வேலையைக் காட்டும் சின்ன மேடு ஒன்று உண்டு, பி அலை. ஈசிஜியின் இரண்டாம் லீட்டில் (ஒரு கோணத்தில் பதியும் வரியில்) அது 2.5 மில்லிமீற்றரைத் தாண்டிக் கூராக எழும்பினால் வலது சோணையறையில் சந்தேகம் வரும். சந்தேகம் மட்டும்தான். அளந்து சொல்வது எக்கோதான்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் எக்கோ எடுத்தேன். இடப்பக்கம் சரிந்து படுக்க வைத்து, நெஞ்சில் குளிர்ந்த ஜெல் பூசிப் பார்ப்பார்கள். நோவே இல்லை. வலது சோணையறையின் பரப்பு 18 சதுர சென்றிமீற்றருக்கு மேல் போனால் பெரிது என்று கணக்கு. என்னுடையது நன்றாகவே தாண்டியிருந்தது, அதன் கீழே உள்ள வலது இதயவறையும் பெருத்திருந்தது. "பெருத்தது நோய் இல்லை மிஸ், அதைப் பெருக்க வைத்தது எது என்றுதான் பார்க்க வேண்டும்" என்றார் டொக்டர். எனக்கு மூச்சு வந்தது அங்கேதான். சின்ன வயதில் மூட்டு வாதக் காய்ச்சல் வந்ததா, நீண்டநாள் இளைப்பு இருக்கிறதா, கால் வீங்குமா என்று வரிசையாகக் கேட்டார். இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள முக்கூர் வால்வு ஒழுகினாலும், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடினாலும் அந்த அறை பெருக்கும்.

என் விஷயத்தில் இரண்டு சோணையறைகளுக்கும் நடுச் சுவரில் ஒரு துளை. பிறவியிலேயே இருந்தது. இடப்பக்கம் அழுத்தம் கூட என்பதால் இரத்தத்தில் ஒரு பங்கு துளையால் திரும்ப வலப்பக்கம் போகிறது. வலப்பக்கம் வருடக்கணக்காக மேலதிக வேலை பார்த்து விரிந்துவிடுகிறது. நாற்பது வயது வரை தெரியாமலே இருப்பவர்கள் உண்டாம். படி ஏறினால் களைப்பது உடம்பு வைத்ததால் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு.

அடுத்த கட்டத்துக்குக் கொழும்புக்கு எழுதினார்கள். முதலில் தொண்டைவழி எக்கோ. உள்ளதைச் சொல்கிறேன், எல்லாவற்றிலும் எனக்குப் பிடிக்காதது இதுதான். வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, வாயில் ஒரு வளையம் வைத்து, குழாயை விழுங்கச் சொல்வார்கள். ஓங்காளம் வரும், கண்ணால் தண்ணீர் ஓடும். மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள் என்று நேர்ஸ் காதோரம் சொல்லிக்கொண்டே நின்றா. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் சமாளித்தேன். துளையைச் சுற்றி விளிம்பு போதுமா என்று பார்க்கவே இவ்வளவும். விளிம்பு இருந்தால் டிவைஸ் என்ற சின்ன மூடியை வைத்து அடைக்கலாம், இல்லாவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டும். நுரையீரல் அழுத்தம் அளவு மீறியிருந்தால் அடைக்கவே கூடாது என்றும் சொன்னார்கள். அந்த முடிவு வரும்வரை இவரும் நானும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

சரி, எனக்கு டிவைஸ் போதும் என்றார்கள். ஒப்பரேஷன் நேரத்தில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இயந்திரத்தை வைத்து 1953இல் அமெரிக்க டொக்டர் ஜோன் கிப்பன் வெற்றியாகச் செய்த முதல் ஒப்பரேஷன் இதே துளையை அடைத்ததுதான். அதைச் செய்துகொண்ட பெண்ணுக்கு 18 வயது. எனக்கோ தொடையில் ஒரு ஊசித் துவாரம். அட்மிட் ஆகப் போன அன்று அவசர நோயாளி ஒருவருக்காக என் முறை தள்ளிப்போய்விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு இரவு ரயிலில் திரும்பும்போது வந்த எரிச்சலை எழுத முடியாது. கோபிக்கவும் முடியவில்லை, அந்த ஆளுக்கு உயிர்ப் பிரச்சினை.

டிவைஸ் என்பது நிக்கல், டைட்டேனியம் கலந்த கம்பி வலை. இரண்டு சட்டைப் பொத்தான்களை முதுகோடு முதுகு ஒட்டியது போல இருக்கும். தொடையிலுள்ள இரத்த நாளம் வழியாகச் சுருட்டிக் கொண்டுபோய், சுவரின் இரு பக்கமும் விரித்துவிடுகிறார்கள். நிக்கல் ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டார்கள். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும் ஆட்கள் அதைச் சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு காலை மடக்காமல் நேரே வைத்துப் படுத்திருப்பதுதான் பெரிய பாடு.

வீட்டுக்கு வந்தபின் சில வாரம் தண்ணீர்க் குடம் கூடத் தூக்கவில்லை. இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் 6 மாதம். வலையின் மேல் இதயத்தின் சொந்தச் சவ்வு வளர்ந்து மூட ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். அதுவரை பல் பிடுங்குவதென்றால் பல் டொக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், முன்கூட்டி அன்டிபயோட்டிக் தருவார்கள். பித்தப்பை வேலையும் இதற்காகத்தான் பிந்தியது.

கடைசி எக்கோவில் வலப்பக்க அறைகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. டிவைஸ் அட்டையைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் முதலில் அதைத்தான் காட்டவேண்டுமாம். தங்கச்சியையும் ஒரு எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். அவ அக்கரைப்பற்றில் இருக்கிறா, அடுத்த மாதம் பார்ப்போம் என்று ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டிருக்கிறா.