மேட்டுப் பக்கம் நில்லு

எங்கள் மாமாவுக்கு ரேஸ் என்று சொல்ல வராது. அவருக்கு அது "சத்தம்". "இந்த வருசம் சத்தம் என்னைக்கு?" என்று பங்குனி மாதமே போன் போட்டுக் கேட்பார். சித்திரை சீசனில் நுவரெலியாவில் குதிரை ஓடும், மலர்க் கண்காட்சி நடக்கும், கிரகரி வாவியைச் சுற்றிக் கொழும்புக் கார்கள் நகர இடமில்லாமல் நிற்கும். மாமாவுக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை. பைக்கும் காரும் மலைப்பாதையில் ஏறும் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் மட்டும்தான் கணக்கு. அவர் இருக்கும் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பைக் கியர் மாறுவதைக் கூட வாசலில் உட்கார்ந்தே எண்ணலாம்.

நான் கொழும்பில் ஒரு கராஜில் மோட்டார் சைக்கிள் வேலை பார்க்கிறேன். வருடத்தில் ஒரு தடவை ஊருக்குப் போவது புத்தாண்டுக்காக என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். அப்படியே நம்பட்டும்.

இந்த முறை பஸ்ஸில் போகாமல் என்னுடைய பழைய ஹொண்டா சீடி 125இல் போனேன். கம்பளை வரை நன்றாக ஓடியது. புசல்லாவை தாண்டியதும் இருமத் தொடங்கி, றம்பொடையில் கறுப்புப் புகை தள்ளி நின்றுவிட்டது. விஷயம் சின்னது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றையும் பெட்ரோலையும் கலந்து விடும் கார்புரேட்டரைக் கொழும்புக் காற்றுக்கு வைத்திருந்தால், அது மேலே ஏற ஏற, இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலை ஊற்றும். மெயின் ஜெட் என்ற பெட்ரோல் போகும் துளைக்குச் சின்னது ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும். பையில் வைத்தும் இருந்தேன். ஆனால் கிளம்பும்போதே போட்டிருந்தால் கொழும்பில் என்ஜின் சூடாகுமே என்று பாதி வழியில் மாற்றலாம் என்றிருந்தேன், அப்புறம் மறந்துவிட்டேன்.

பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது கையில் பூக்கட்டோடு ஒரு பையன் வந்து நின்றான். ஒரு நிமிடம் பார்த்தான். "அண்ணே, காத்து பத்தல. இங்க எல்லாருக்கும் இப்படித்தான் நிக்கும்" என்றான். பன்னிரண்டு வருடம் ஸ்பேனர் பிடித்தவனுக்கு இது தேவைதான். பேசாமல் ஒரு கட்டுப் பூ வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பாதையில் போனவர்களுக்கு இந்தப் பையன்களைத் தெரிந்திருக்கும். மேல் வளைவில் வாகனத்தை மறித்துப் பூவை நீட்டுவார்கள். வாங்காவிட்டால் தேயிலைக்குள் பாயும் குறுக்குப் பாதையில் இறங்கி, நாம் வளைந்து வருவதற்குள் கீழ் வளைவில் நிற்பார்கள். அங்கேயும் வாங்காவிட்டால் அடுத்த வளைவு. எங்கள் மாமா பத்துப் பதினொரு வயதில் அந்தப் பாதையில் பூ விற்றவர். எந்த வண்டி எந்த வளைவில் எவ்வளவு மெதுவாகும் என்பதில்தான் அவருடைய அன்றாட வருமானம் இருந்தது. அதனால் ரேஸில் அவர் பைக்கைப் பார்ப்பதில்லை, வளைவைத்தான் பார்ப்பார்.

பந்தயத்தன்று விடியும் முன்பே தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு நடந்தோம். நான் ஒரு வளைவின் வெளிப்பக்கம், வடிகானுக்கு அருகில் நின்றேன். படம் எடுக்க அருமையான இடம். மாமா என் காலரைப் பிடித்து இழுத்தார்.

"மேட்டுப் பக்கம் வா. வண்டி கை விட்டா எங்க போகும்? வெளியதான் போகும்."

இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 2024 ஏப்ரல் 21ஆம் தேதி பதுளைப் பக்கம் தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் செத்தார்கள், அதில் ஒரு சிறுமி. அது பதுளைப் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் நடந்தது என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. வளைவின் உட்பக்கம், பாதையை விட ஆள் உயரம் கூடிய மண்மேட்டில், தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் நின்றோம். கொழுந்து எடுக்கும் அக்காமார் சிலர் ஏற்கெனவே அங்கே இடுப்பில் கட்டும் ரெட்டுச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நல்ல இடம் எதுவென்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய மலைதானே.

இந்தப் பந்தயம் தொடங்கியது 1934இல். வெள்ளைக்காரத் துரைமார் காலம். அன்றைக்குக் கொழுந்துக் கூடையோடு வந்த எங்கள் பாட்டிமாரை ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வண்டி விட்டிருப்பார்கள். இப்போது அக்காமார் சாக்கை விரித்து உட்கார்ந்து, "நீலச் சட்டைக்காரன் பயந்தாங்கொள்ளி" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

மலையேற்றப் பந்தயத்தில் ஒருவரை ஒருவர் முந்துவது கிடையாது. ஒவ்வொருவராக விடுவார்கள், எதிராளி கடிகாரம்தான். முதலில் கீழே எங்கோ ஒரு உறுமல் கேட்கும், பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வரும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே புரியாது. பிறகு திடீரென்று ஆள். ஒருவரை மட்டும் சொல்கிறேன். டர்பன்டைன் மரங்களின் நிழல் விழும் இடத்தில் தார் இன்னும் ஈரமாக இருந்தது. முன்னால் வந்தவர்கள் எல்லாரும் அந்த ஈரத்துக்குப் பயந்து அகலமாகப் போனார்கள். இவர் ஈரத்துக்கு முன்பே, நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டார். முன் பிரேக்கில் இருந்த இரண்டு விரல்கள் லிவரை விட்டு விரிவது எனக்குத் தெரிந்தது. பிறகு ஈரத்தின் மேல் பிரேக்கும் இல்லை, ஆக்சிலேட்டரும் இல்லை, சும்மா உருண்டார். காய்ந்த இடம் வந்ததும்தான் திருகினார். பின் டயர் ஒரு சாண் நழுவிப் பிடித்தது. ஈரமண் வாசனையோடு எரிந்த ஆயில் வாசனை மேட்டுக்கு ஏறி வந்தது.

"இவன் பூ வாங்க மாட்டான்" என்றார் மாமா. அவர் வாயால் அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

ரொட்டி சாப்பிடும்போது போனில் ஐல் ஒஃப் மேன் பந்தயத்தின் வீடியோ ஒன்றைக் காட்டினேன். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் ஒரு சின்னத் தீவு. இங்கிலாந்தில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில், தனிப் பாராளுமன்றம் வைத்திருந்த அந்தத் தீவு, ரோட்டை மூடிப் பந்தயம் விடத் தானே சட்டம் போட்டுக்கொண்டது. அப்படித்தான் அங்கே 1907இல் டீடீ என்ற டூரிஸ்ட் டிராபி பைக் பந்தயம் வந்தது. அங்கேயும் பத்து விநாடிக்கு ஒருவராக விடுவார்கள், அங்கேயும் மக்கள் வேலியோரத்திலும் வீட்டுச் சுவரிலும் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர். 2023இல் பீட்டர் ஹிக்மன் அதை 16 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். சராசரியே மணிக்கு 219 கிலோமீட்டர். நுவரெலியாவில் ஏறினால் கம்பளை தாண்டும் தூரம், மாமா, என்றேன். பஸ்ஸில் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுங்க வேண்டும்.

மாமாவுக்கு வேகம் பிடிபடவில்லை. குடும்பக் கதைதான் பிடித்தது. ஜோயி டன்லொப் அங்கே 26 தடவை வென்றவர். 2000இல் எஸ்தோனியாவில் ஒரு பந்தயத்தில் செத்துப்போனார். அவர் தம்பி ரொபர்ட்டும் 2008இல் பந்தயப் பயிற்சி ஓட்டத்திலேயே போனார். ரொபர்ட்டின் மகன் வில்லியம் 2018இல். இன்னொரு மகன் மைக்கேல்தான் 2024இல் பெரியப்பாவின் கணக்கைத் தாண்டினார்.

"இன்னும் ஓட்டுறானா?"

"ஓட்டுறாரு மாமா."

"அவங்க அம்மா எப்படித் தூங்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தீவுப் பாதையில் இதுவரை 260 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை தெரிந்தும் நான் ஒவ்வொரு ஜூனும் ராத்திரி விழித்திருந்து பார்க்கிறேன். அதை மாமாவிடம் சொல்லவில்லை. பேச்சை மாற்ற அந்த மலையைக் காட்டினேன். ஸ்னேஃபெல் என்று பெயர், 621 மீட்டர். பந்தயப் பாதையின் உச்சி 422 மீட்டர்தான்.

"நானூத்தி இருபத்திரெண்டா? கண்டியே அதவிட ஒசரம்டா. அதப்போய் மலைன்னு சொல்றானுகளா?" பக்கத்து அக்காமார் வரைக்கும் சிரித்தார்கள்.

மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. எதிரே நிற்கும் செடி கூடத் தெரியவில்லை, வந்துவிட்டோம். கார்கள் ஓடியதை நான் பார்க்கவில்லை. எனக்கு அதில் பெரிய கவலையும் இல்லை.

திரும்பும்போது றம்பொடையில் அதே பையன் நின்றான். "இப்ப சத்தம் சரியா இருக்கு அண்ணே" என்றான். இறங்க இறங்க அந்தச் சின்ன ஜெட் விடும் பெட்ரோல் போதாது, கம்பளையில் என்ஜின் தட்டத் தொடங்கிவிட்டது. கடுகண்ணாவையில் நிறுத்திப் பழையதைப் போட்டேன்.

மே கடைசியில் மாமா போன் எடுத்தார்.

"அந்தத் தீவுல சத்தம் ஆரம்பிச்சிருச்சா?"

"இன்னைக்கு விடல மாமா. மலை மேல பனிமூட்டமாம். ஹெலிகொப்டர் பறக்க முடியாட்டி வண்டி விடமாட்டாங்க, அடிபட்டவன எடுக்க வேணுமே."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்:

"நானூத்தி இருபத்திரெண்டுல என்னடா பனி?"